ஒரு பகல், சில மனிதர்கள்

தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ (2011) படத்தில் கதை என்று பார்த்தால், தொலைந்துபோன ஒரு கொக்கைன் பை, அதைத் துரத்தும் இரண்டு கும்பல்கள், அவ்வளவுதான். வடசென்னையில் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த நாளைப் பற்றவைப்பது பை அல்ல. வயதாகிவிட்டதோ என்று கேட்கப்பட்ட கும்பல் தலைவனான ஒரு கிழவனின் ரோஷம். ஜாக்கி ஷெராஃபின் சிங்கப்பெருமாள் அந்த ஒரு கேள்வியைத் தாங்கமாட்டாமல்தான், அதைக் கேட்ட தன் அடியாள் பசுபதியைக் கொல்லச் சொல்கிறான். மற்ற ரத்தமெல்லாம் அங்கிருந்து கிளம்புவது.

பையைக் கண்டெடுப்பவர்களோ சேவல் சண்டைக்கு வந்த காளையனும் அவன் மகன் கொடுக்காப்புளியும். சோமசுந்தரத்தின் காளையன் வாழ்ந்து கெட்டவன்; குடித்துக் குழறும்போதும் பழைய ஜமீன் மிடுக்கை விடமாட்டான். அப்பனைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு அந்தப் பொடியன் தலையில். மற்றவர்களைவிட இவர்கள் இருவருக்காகத்தான் எனக்கு நெஞ்சு பதறியது.

படத்தின் உச்சம், சிங்கப்பெருமாளின் பிடியில் கிடக்கும் சுப்புதான். சுப்புவாக யாஸ்மின் பொன்னப்பா அழுத அழுகையில் எது நிஜம், எது கணக்கு என்று அறிய, முடிவு தெரிந்தபின் இன்னொரு முறை பார்த்தே ஆகவேண்டும்.