லாகுவார்தியா: பாதி ஊர் தரைக்கு அடியில்

ஸ்பெயினின் ரியோஹா ஒயின் வட்டாரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குன்றின் மேல் மதில் சூழ நிற்கிறது லாகுவார்தியா. சின்ன ஊர்தான். ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஆனால், அப்படிச் சுற்றியவர்கள் பார்த்தது பாதி ஊரைத்தான்.

காரை மதிலுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். தெருக்களுக்கும் வீடுகளுக்கும் அடியில் பாறையைக் குடைந்த நிலவறைகள் நிறைந்திருப்பதால் உள்ளே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நவார் மன்னர் ஆறாம் சாஞ்சோ 1164-ல் நகர உரிமை வழங்கிய எல்லைக் காவல் ஊர் இது. போர்க்காலத்தில் ஒளிந்துகொள்ள உதவிய இந்த நிலவறைகளில் பிற்காலத்தில் ஒயின் பீப்பாய்கள் குடியேறின. கோடையிலும் குளிர்காலத்திலும் அங்கே ஏறக்குறைய ஒரே குளிர்ச்சி. ஒயினுக்கு வேண்டியதும் அதுதான். எனவே ஊரின் தேவாலயத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு நிலவறைக்குள் இறங்கிவிடுங்கள். அதன்பின் மேலே நடக்கும்போது ஒவ்வொரு தெருவும் வேறு மாதிரி தெரியும்.

நிலவறையில் பழைய பீப்பாய் ஒயினைத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. அந்த ஆண்டின் புதிய சிவப்பு ஒயினைக் கேளுங்கள். காம்போடு முழுக் குலைகளையும் தொட்டியில் கொட்டி, பழத்துக்குள்ளேயே நொதித்தலைத் தொடங்கவிடும் பழைய முறை இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறது. பழ வாசனை முந்திக்கொண்டு வரும். இந்த மண்ணின் டெம்ப்ரானியோ திராட்சையை அறிய இதுவே நேர்வழி என்பேன்.

சாந்தா மரியா தே லோஸ் ரேயெஸ் தேவாலயத்தின் கல் வாசலுக்கு நிதானமாக நேரம் கொடுங்கள். 14-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள்; வண்ணம் அதற்குப் பிறகு தீட்டியது. முன்னால் எழுந்த சுவர் வெயிலையும் மழையையும் தடுத்ததால் சிவப்பும் நீலமும் பொன்னும் இன்றும் நிற்கின்றன. நடுவில் குழந்தை இயேசுவுடன் மரியா, இருபுறமும் சீடர்கள். முதலில் அவர்களுடைய அங்கிகளின் மடிப்பில் ஓடும் பூவேலையைப் பாருங்கள். பிறகு வாசலுக்கு மேலே மரியாவின் வாழ்க்கைக் காட்சிகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போங்கள்.

கடைசியாக வடக்கு மதிலோரம். எதிரே கந்தாப்ரியா மலைத்தொடர். கடலிலிருந்து வரும் ஈரக் குளிர்காற்றைத் தடுத்துத் தோட்டங்களைக் காப்பது அதுதான். அதன் அடிவாரத்தில் கட்டடக் கலைஞர் சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்து, 2001-ல் திறக்கப்பட்ட இஸியோஸ் ஒயின் ஆலை. அதன் அலைபோன்ற உலோகக் கூரையைக் கிட்டப் போய்ப் பார்ப்பதைவிட இங்கிருந்து பார்ப்பதே மேல்: கூரையின் வளைவும் மலையின் முகடும் ஒரே பார்வையில் சேர்ந்து தெரிகின்றன.