குடித்தவனா, குடிக்க வைத்ததா?

மலேசியாவின் சிரம்பானைச் சுற்றியுள்ள லாபு, ரந்தாவ் தோட்டப்புறங்களில் குடியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவன் புத்தி அப்படி" என்று முடித்துவிடுவார்கள். உளவியல் தரும் விளக்கங்கள் இதைவிட ஆழமானவை. ஆனாலும் அவற்றில் பல, கடைசியில் அந்த ஒற்றை ஆளின் மீதே வந்து நிற்கின்றன.

ஃபிராய்டின் வழி, குழந்தைப் பருவக் காயத்தில் காரணம் தேடும். அடிபட்டு வளர்ந்தவனைப் புரிந்துகொள்ள அது உதவும். ஆனால் சோதித்துப் பார்க்க முடியாத ஊகங்களுக்கும் இடம் கொடுத்துவிடும். உயிரியல் பார்வை மூளையையும் மரபணுவையும் காட்டிக் குடிநோயாளியைப் பழியிலிருந்து மீட்கிறது. அதையே திரித்து, "அந்த இனமே அப்படி" என்ற பழைய இழிசொல்லுக்கு அறிவியல் சாயம் பூசுவோரும் உண்டு.

1913இல் வாட்சன் தொடங்கி ஸ்கின்னர் வளர்த்த நடத்தையியலோ, பலன் தரும் செயலே பழக்கமாகும் என்கிறது. அன்றைய ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு பால்வெட்டு, வேலை முடிந்தால் எட்டும் தூரத்தில் கள்ளுக்கடை. களைப்புக்கு உடனடிப் பலன். விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஸ்கின்னர் பெட்டியில் அடைத்துச் சோதித்த எலி, அந்தப் பெட்டியைக் கட்டியது யார் என்று கேட்பதில்லை. தோட்டத்தில் கள்ளுக்கடைக்கு இடம் கொடுத்தது நிர்வாகம். உரிமம் கொடுத்தது காலனி அரசு.

எலி கேட்காததை மனிதர்கள் கேட்டார்கள். 1941இல் கிள்ளான் வட்டார இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்துக்கு முடிவு ஆகியவற்றை ஒரே பட்டியலில் வைத்தார்கள். வயிறு நிறைந்த பிறகே மதிப்பைத் தேடுவான் மனிதன் என்பதாக மாஸ்லோவின் தேவைக் கொள்கை 1943இல் வந்தது. கூலியையும் கௌரவத்தையும் சேர்த்தே கேட்டவர்களுக்கு அந்தப் படிவரிசை பொருந்தவில்லை.

அதற்காகச் சூழலே எல்லாம் என்றும் சொல்ல முடியாது. அதே லயத்து வீடுகளில், அதே கூலியில், குடியைத் தொடாதவர்களும் வாழ்ந்தார்கள். அந்த வேறுபாட்டை விளக்கத் தனிமனித அணுகுமுறைகள் வேண்டும். எண்ணப்போக்கை மாற்றப் பழக்கும் அறிதல்வழிச் சிகிச்சை இங்கே கைகொடுக்கும்.

ஆக, எந்தக் கொள்கை சரி என்பதைவிட, எதை முதலில் கேட்பது என்பதே முக்கியம். தோட்டம் விற்கப்பட்டு மலிவுவிலை வீடுகளுக்குப் பெயர்ந்த குடும்பத்தின் பையன் குண்டர் கும்பலில் சேர்ந்தாலும் இதே வரிசைதான்: சூழலை விசாரித்த பிறகே மனத்தை விசாரிக்க வேண்டும். மனத்தில் தொடங்கி மனத்திலேயே முடிக்கும் ஆலோசனை, ஆளை மட்டும் திருத்தி, மாறாத இடத்துக்கே திருப்பி அனுப்பும்.