உழைச்செல்வானும் இரவல் அறிவும்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றினோடு நான்காவதாக எண்ணப்படுபவன் உழைச்செல்வான். 'உழை' என்பது பக்கம், அருகு எனப் பொருள்படும். நோயாளியின் அருகே செல்பவன் எவனோ அவனே உழைச்செல்வான். இக்காலத்துத் தாதியரின் பணி அவன் பணியே. மருத்துவனுக்கு ஒரு கூறு அளித்த வள்ளுவர் இவனுக்கும் ஒரு கூறு அளித்தார். ஆயினும் இவனுக்கு வேண்டிய அறிவு யாது என்பதனை அவர் விரித்துரைத்தாரல்லர். அதனை விரித்தவர் உரையாசிரியர் பரிமேலழகர். விரித்தற்கு வேண்டிய பொருளை அவர் இலக்கியத்தில் தேடவில்லை. மருத்துவ நூலின்பாற் சென்று பெற்றார்.

நான்கு கூறுகளுள் ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்புகள் அவருரையிற் கூறப்படுகின்றன. உழைச்செல்வானுக்குரியவை நோயாளியிடத்து அன்பு, தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என்பன. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் இந்நான்கும் இதே வரிசையிற் காணப்படும். சரக சங்கிதையிலோ பணிவிடை பற்றிய அறிவு முதலிடத்தும் அன்பு மூன்றாமிடத்தும் நிற்கின்றன. ஆகவே உரையாசிரியர் சென்ற வழி வாக்படர் வழி எனக் கொள்ளுதல் பொருந்தும். வடநூலார் தூய்மை எனப் பொதுவாகக் கூறியதனை மனம், மொழி, மெய் என்னும் மூன்றற்கும் உரியதாக அவர் விரித்தமை, வாங்கிய பொருளைத் தமதாக்கிக்கொண்ட திறத்தைக் காட்டுகின்றது.

எனினும் வாங்கியவை யாவும் குறளோடு இசைந்தன என்று சொல்லுதற்கில்லை. நோயாளிக்குரிய இயல்புகளுள் முதலாவதாகப் பொருளுடைமை வைக்கப்பட்டுள்ளது. வள்ளுவர் 'உற்றவன்' என்றாரேயன்றிச் செல்வமுற்றவன் என்றாரல்லர். அரசினர் வைத்தியசாலைகளிற் கட்டணமின்றிச் சிகிச்சை வழங்கும் இலங்கையில் இருந்து நோக்குவார்க்கு இவ்வியல்பு குறளின் மேல் ஒட்டிய வேற்றுப் பொருளாகவே தோன்றும். உழைச்செல்வான் என்ற சொல்லுக்கு, மருந்தினைப் பிழையின்றி இயற்றுபவன் என்ற கருத்துப்பட அவர் உரை கூறியமை இதனினும் கருதத்தக்கது. சொல் உணர்த்துவது அருகிருத்தல். உரை உணர்த்துவது மருந்தூட்டல். பிறதுறை நூலொன்று கைவிளக்காக வந்தவிடத்து, அதன் ஒளி படாத பகுதி இருளில் நின்றுவிட்டது.

தாதியியல் தனித்துறையாக வளர்ந்த காலத்திலும் இந்நிகழ்ச்சியே மீண்டும் காணப்படுகின்றது. புளோரன்ஸ் நைற்றிங்கேல் புள்ளிவிவரவியலைத் துணைக்கொண்டார். 1952இல் ஹில்டகார்ட் பெப்லோ வெளியிட்ட நூல், சலிவன் என்னும் உளமருத்துவரின் கருத்துக்களைத் தழுவித் தாதிக்கும் நோயாளிக்கும் இடையேயுள்ள உறவை ஆராய்ந்தது. மடலின் லைனிங்கர் மானிடவியலைத் தேடிச் சென்றார். நியூகினியின் கட்சப் மக்களிடையே வாழ்ந்து, பண்பாட்டிற்கேற்ற பராமரிப்பு என்னும் கோட்பாட்டை வகுத்தார். பிறதுறைக் கோட்பாடுகளைக் கடன்வாங்கினால் தாதியியலுக்கெனச் சொந்த அறிவு எஞ்சாது என்று வாதித்தவரும் அத்துறையில் இருந்தனர். அவர்தம் அச்சம் பாதி நியாயமானது. கடன்வாங்குதல் குற்றமன்று; வாங்கியதை நோயாளியின் படுக்கையருகே வைத்து நிறுத்துப் பாராமையே குற்றம்.

இதற்கு முன்னேஸ்வரத்தினும் தக்க உரைகல் கிடைத்தல் அரிது. சிலாபத்தை அடுத்த இச்சிவத்தலத்திற்குத் தமிழரும் சிங்களவரும், சைவரும் பௌத்தரும் ஒருங்கே வருகின்றனர். இங்குள்ள காளி கோவிலை மானிடவியலறிஞர் கணநாத ஒபயசேகர ஆராய்ந்து 1975இல் கட்டுரை வெளியிட்டார். பகைவரால் தமக்குத் தீங்கு நேர்ந்ததெனக் கருதுவோர் தம் சினத்தைத் தெய்வத்தின்பால் ஒப்புவிக்கும் முறையே அவர் ஆராய்ந்த பொருள். மானிடவியலார்க்கு அது சிறந்த வினா. ஆனால் அவ்வினாவை அப்படியே ஏந்திச் செல்லும் தாதி, நேர்த்தி வைத்து வந்த நோயாளியிடத்துச் சினத்தையும் பகையையும் தேடத் தொடங்கிவிடுவார். அவர் அறியவேண்டுவது வேறு. மணிக்கட்டிற் கட்டிய நூலைச் சேலைன் ஏற்றுமுன் அறுக்கலாமா? நீரிழிவு உடையவர் நேர்த்தியின் பொருட்டு உண்ணாதிருந்தால் யாது செய்வது?

லைனிங்கரின் கோட்பாடு இவ்விடத்து உண்மையிற் பயன்படுகின்றது. நோயாளியின் வழக்கத்தைப் பேணுதல், அதனோடு இணங்கிப்போதல், இன்றியமையாதவிடத்து அதனை மாற்றியமைத்தல் என மூன்று வழிகளை அவர் கூறுவார். நூல் தடையன்றெனின் அவ்வாறே விடலாம். தடையெனின் மற்றக் கைக்கு மாற்றலாம். சத்திரசிகிச்சைக்காக அகற்றத்தான் வேண்டுமெனின், காரணத்தைச் சொல்லி அவிழ்த்து உறவினர் கையிற் கொடுக்கலாம். உண்ணாநோன்பு உயிருக்கு இடராகுமிடத்தில் மூன்றாம் வழியே வழி. அதனையும் அதட்டலாற் செய்தல் இயலாது. சிறு செயல்களே இவை. நோயாளி மறுநாளும் வைத்தியசாலையில் தங்குவதும், சொல்லாமற் புறப்பட்டு வீடு செல்வதும் பலவேளைகளில் இவற்றாலேயே முடிவாகின்றன.

பரிமேலழகர் வாங்கிய பட்டியலில் நோயாளிக்குரிய மற்றோர் இயல்பு, தன் நோய்நிலையை உணர்த்துதல். உடப்புக் கடற்கரையிலிருந்து தமிழ் மட்டுமே அறிந்த முதியவள் ஒருத்தி நெஞ்சுவலியோடு வருகிறாள் என்று கொள்க. அருகே நிற்பவர் சிங்களம் மட்டுமே அறிந்தவர். அவள் 'அடைக்குது' என்கிறாள், 'எரியுது' என்கிறாள். இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு கேட்பவர் செவியில் விழாது போகின்றது. வாக்படரின் கணக்கின்படி இது உணர்த்தத் தெரியாத நோயாளியின் குறை. 'உழை' என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளிற் கொண்டு படிப்பவர், அருகே சென்றும் அணுகமாட்டாத மற்றவரின் பெயரில் அக்குறையை எழுதுவர்.