பி.பி.சி. மைக்ரோவின் குரல்: ஒரு மதிப்பீடு

1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் மூலம் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த கணிப்பொறி, இங்கிலாந்தின் ஆக்கார்ன் நிறுவனத்தாருடைய பி.பி.சி. மைக்ரோ ஆகும். இங்கே அதன் குரலை மட்டும் எடை போடுவோம். பழைய பொறிக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். பீப்எம் என்னும் இலவச நிரலை இன்றைய கணிப்பொறியில் நிறுவிக்கொண்டால் அதே கட்டளைகளைத் தட்டி, அதே ஒலிகளைக் கேட்கலாம்.

பொறியின் தொண்டை, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஸ்.என். 76489 என்ற சில்லு. மூன்று சதுர அலைகளையும் ஓர் இரைச்சலையும் அது எழுப்பும். 'சவுண்ட்' என்ற கட்டளைக்குப் பின் நான்கு எண்கள் இடவேண்டும்: எந்த வழி, உரப்பு, சுருதி, கால அளவு. ஒரு ஸ்தாயிக்கு ஆர்மோனியத்தில் 12 கட்டைகள். இங்கோ 48 படிகள்! இயற்பியல் மாணவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 'சவுண்ட் 1, -15, 89, 100' என்று ஒரு வரியும், 'சவுண்ட் 2, -15, 90, 100' என்று அடுத்த வரியும் எழுதி ஓட்டிப் பாருங்கள். முதலாவது 440 ஹெர்ட்ஸ், இரண்டாவது ஏறத்தாழ 446. ஐந்து வினாடிகளுக்கு, வினாடிக்கு ஆறு என்ற கணக்கில் விம்மல்கள் காதில் விழும். இசைக்கவைகளில் மெழுகு ஒட்டிச் செய்யும் சோதனை இரண்டே வரிகளில் முடிந்துவிடுகிறது. 90-ஐ 91, 92 என்று உயர்த்திக்கொண்டே போய், எந்த இடத்தில் எண்ண முடியாத கரகரப்பாக மாறுகிறது என்று குறித்து வையுங்கள்.

குறைகளும் உண்டு. மிக உரத்த ஒலிக்கு -15, மௌனத்துக்கு 0 என்பது புதியவரைக் குழப்பும். நேர் எண்களை 'என்வலப்' கட்டளைக்கு ஒதுக்கிவிட்டதால் நேர்ந்த விபரீதம் இது. அந்த 'என்வலப்' கேட்பதோ 14 எண்கள்! உரப்பின் ஏற்ற இறக்கத்தை 126 வரை குறிக்கச் சொல்கிறது. சில்லுக்குத் தெரிந்த நிலைகளோ பதினாறுதான். கோவணத் துணிக்குப் பட்டு ஜரிகை! ஆனால் சுருதியை மூன்று கட்டங்களில் ஏற்றி இறக்கும் பகுதியை நான் குறை சொல்லமாட்டேன். கமகம் என்று சொல்ல முடியாவிட்டாலும், கமகத்தின் எலும்புக்கூடு அதில் கிடைக்கிறது.

இரைச்சலுக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறியவர்கள் பெரியார் அருவியின் ஓசையைக் கேட்டிருப்பீர்கள். 'சவுண்ட் 0, -15, 4, 100' முதலில் அதைப்போலவேதான் தோன்றும். ஆனால் அருவியில் ஒலிப்பவை பெரும்பாலும் நீரில் சிக்கிய காற்றுக் குமிழிகள். குமிழி சிறுத்தால் அதிர்வெண் கூடும் என்று மின்னர்ட் 1933-இல் காட்டினார். பல அளவுக் குமிழிகள் சேர்ந்ததே அந்த முழக்கம். சில்லிலோ 15 இலக்கப் பதிவேடு ஒன்று வினாடிக்குச் சுமார் 7,812 முறை நகர்கிறது. 32,767 நகர்வுகளில் அதன் வரிசை தீர்ந்து, பழையபடி முதலிலிருந்து தொடங்கும். வகுத்துப் பாருங்கள்: நான்கு வினாடிக்குச் சற்று மேல்! பெரியார் அருவி ஒருநாளும் அப்படித் திரும்பப் பாடுவதில்லை. மழைக்கும் ரயிலுக்கும் இந்த இரைச்சல் போதும்; அருவிக்குப் போதாது.

என் பெரிய மனத்தாங்கல் பேச்சுச் சில்லுகளைப் பற்றியது. தனியே வாங்கி, பலகையில் காலியாக உள்ள குழிகளில் செருகவேண்டிய இரண்டு சில்லுகள் அவை. ஒன்று பேசும் சில்லு, டி.எம்.எஸ். 5220, மற்றொன்று சொற்களஞ்சியம். பி.பி.சி. செய்தி வாசிப்பாளர் கென்னத் கெண்டாலின் குரலில் எண்களும் எழுத்துக்களும் சில சொற்களும் அதில் பதிந்துள்ளன. அத்தனையும் ஆங்கிலம். தமிழ்வழி மாணவனுக்கு 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிக் காட்டக்கூட அதனால் முடியாது. இதற்குப் பேசும் சில்லைப் பழிப்பது தவறு. அதற்கு எந்த மொழியும் தெரியாது. தொண்டையின் வடிவத்தையும் சுருதியையும் குறிக்கும் எண்களை ஒலியாக்குவது ஒன்றே அதன் வேலை. அவ்வெண்களைக் களஞ்சியம் இல்லாமல் கணிப்பொறியிலிருந்து நேராக ஊட்டவும் அதில் வழி உண்டு. நம் குரலில் பத்து எண்களைப் பதிந்து, பகுத்து ஊட்டினால் தமிழும் பேசும். மின்னணுவியல் மாணவர்கள் யாராவது இன்றும் முயலலாம்.