கைக்கு எட்டாத கம்பிகள்

சர்வர் அறையில் ஓடும் ஒரு கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை விரலால் தொட்டுக்கொண்டே போய்க் கண்டுவிடலாம். ஆனால் ஒரே இயந்திரத்துக்குள் பல தனியறைகளை அமைத்து, அவற்றுக்கிடையே மென்பொருளாலேயே இணைப்புகளை ஓட்டும்போது, தொடுவதற்கு எதுவும் இல்லாமற்போய்ப் பெயர்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. இத்தகைய மெய்நிகர் வலையமைப்பு முதன்முதலாக உருவம் பெறுவது அதன் வரைபடத்தில்தான். வலையமைப்பைக் கட்டும் இந்தக் கலையை ரசனைக்கு உரியதாக்குவதும் அதுவே.

யூனிக்ஸ் மரபில் வந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 4.0 பதிப்பில், 2000-ஆம் ஆண்டு, பால்-ஹென்னிங் காம்ப் உருவாக்கிய 'ஜெயில்' என்னும் வசதி வெளிவந்தது. வன்பொருளை நேரடியாக ஆளும் உள்மென்பொருளான கர்னல் எல்லா ஜெயில்களுக்கும் பொதுவாக இருந்தாலும், ஒவ்வொன்றும் தனக்கென்று கோப்புகளையும் பயனர்களையும் கொண்டு, அண்டை அறையைக் காண முடியாதபடி அடைக்கப்பட்டிருக்கும். தொடக்கத்தில் இவை யாவும் ஒரே வலையமைப்பில் ஆளுக்கொரு முகவரியோடு குடியிருந்ததால், வரைவதற்கென்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. குரோவேசியாவின் ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ ஜெட்ஸ், கர்னலுக்குள் வலையமைப்பு அடுக்கையே பல படிகளாக்கும் முறையை 2003-இல் விளக்கினார். அது 'விநெட்' என்ற பெயரில் முதிர்ந்து, 2018-இல் வந்த 12.0 பதிப்பில் இயல்பிருப்பாக இடம்பெற்றது. அதன்பின் விநெட்டோடு அமைக்கப்படும் ஒவ்வொரு ஜெயிலும் தனக்கான வழித்தட அட்டவணையும் தடுப்பரணும் கொண்டதாகிவிட, ஒற்றைப் பெட்டிக்குள் ஒரு சிற்றூரே எழும்பிவிட்டது.

அந்த ஊரின் தெருக்களுள் எளியது 'ஈபேர்'. இது இரண்டு முனைகளாகவே பிறக்கும் இணைப்பு; 'ஏ' முனையில் நுழைந்தது 'பி' முனையில் வெளிவரும். 'ஏ' முனையைப் பல இணைப்புகளை ஒரே பிரிவாகச் சேர்க்கும் பிரிட்ஜோடு கட்டிவிட்டு, 'பி' முனையை ஜெயிலுக்குள் அனுப்பினால், அந்த நொடியிலிருந்து வெளியே பார்ப்பவருக்கு 'பி' தெரியாது. உள்ளே இருப்பவருக்கு 'ஏ' தெரியாது. முழு அமைப்பையும் ஒரே பட்டியலில் காட்டும் இடம் எதுவும் இல்லாததால், வரைபவர் ஒவ்வொரு ஜெயிலுக்குள்ளும் சென்று கேட்டு, கிடைத்த பாதிகளைப் பொருத்த வேண்டியிருக்கிறது. யாரேனும் ஒரு முனைக்கு வேறு பெயர் சூட்டிவிட்டால் பெயர்ப் பொருத்தமும் போய்விடும். அப்போதும் வன்பொருள் முகவரியின் கடைசிப் பகுதி வழக்கமாக ஒன்றில் '0ஏ' என்றும் மற்றதில் '0பி' என்றும் முடிவதைக் கொண்டு இணையை அடையாளம் காண்பவர்கள் உண்டு. கல்வெட்டின் உடைந்த இரு துண்டுகளை எழுத்தமைதி கண்டு சேர்ப்பவரின் கூர்மைக்கு இது சற்றும் குறைந்ததன்று.

இன்னும் அழகான வழி 'நெட்கிராஃப்' என்னும் அமைப்பில் இருக்கிறது. ஜூலியன் எலிஷரும் ஆர்ச்சி காப்ஸும் உருவாக்கிய இந்த அமைப்பில், வலையமைப்பின் ஒவ்வொரு வேலையும் ஒரு கணுவாகவும், கணுக்களைப் பிணைப்பவை கொக்கிகளாகவும் கர்னலுக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. ஜெயிலுக்குரிய இடைமுகம், அதாவது தரவு நுழைந்து வெளியேறும் வாசல், உள்ளே சென்றுவிட்டாலும், அதற்குரிய கணு வெளியே தன் இடத்திலேயே நிற்கிறது; ஆகவே துண்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 'என்ஜிசிடிஎல்' கருவியிடம் 'டாட்' என்ற ஒற்றைக் கட்டளையைச் சொன்னால், அப்போது உயிரோடிருக்கும் அமைப்பை அப்படியே வரைபட மொழியில் எழுதித் தந்துவிடுகிறது. ஃப்ரீபிஎஸ்டியோடு எடுத்துக்காட்டாகத் தரப்படும் 'ஜேஎன்ஜி' ஸ்கிரிப்ட், இதையே படக்கோப்பாக்கிக் கையில் கொடுக்கிறது. நிர்வாகி நினைவிலிருந்து வரையும் படம், அவர் அமைக்க எண்ணியதையே காட்டும். இதுவோ அமைந்திருப்பதைக் காட்டுகிறது.

எழுதப்பட்ட அந்த மொழியைப் படமாக்குவது, ஏடி அண்டு டி பெல் ஆய்வகத்தில் உருவான 'கிராஃப்விஸ்'. அதன் 'டாட்' நிரலின் முறையை கான்ஸ்னர், கவுட்சோஃபியோஸ், நார்த், வோ ஆகிய நால்வரும் 1993-இல் வெளியிட்டனர். முதலில் கணுக்களை மேல் கீழ் அடுக்குகளில் நிறுத்துவது, பிறகு ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் கோடுகள் குறுக்கிடாதபடி வரிசையை மாற்றுவது, அதன்பின் சரியான இடத்தைக் கணித்து, இறுதியில் கோடுகளை வளைத்து இழுப்பது என நான்கு நிலைகளில் அது நடக்கிறது. இவற்றுள் இரண்டாவதே கலைநயத்தின் உயிர்நிலை. இரண்டே அடுக்குகளாயினும் மிகக் குறைந்த குறுக்கீட்டைத் துல்லியமாகக் காண்பது கணினியியலில் கடினமான புதிர் என்பதால், அண்டைக் கணுக்களின் நடுநிலை இடத்தைப் பார்த்துப் பார்த்து மேலும் கீழுமாகப் பலமுறை வரிசையைத் திருத்தி, போதும் என்ற நிலையில் நிரல் நிறுத்திக்கொள்கிறது. சிறந்த கைவினைஞரின் கை நிற்கும் இடமும் அத்தகையதே. கணுக்களைச் சுருள்வில்லால் பிணைத்ததாகக் கருதி இழுபறியில் அமரவிடும் 'நீட்டோ' முறைப் படம் முதற்பார்வைக்குக் கவர்ச்சியாக இருந்தாலும், வெளி இணைப்பு மேலே, பிரிட்ஜ் நடுவே, ஜெயில்கள் கீழே என்ற ஒழுங்கை அடுக்கு முறையே காப்பாற்றுவதால், சர்வரின் படத்துக்கு அதுவே ஏற்றது. அதன் பெருங்குறையும் ஒன்றுண்டு: புதிதாக ஒரு ஜெயில் சேர்ந்தால்கூட முழு அமைப்பும் இடம்மாறிவிடலாம், நேற்றைய படத்தில் பழகிய கண் இன்று தடுமாறும்.

'என்ஜிசிடிஎல்' எழுதும் படத்தில், எதனோடும் இணையாத கணுக்கள் வெளிர்சிவப்புப் பின்னணியுள்ள தனிக் கட்டத்தில் வைக்கப்படுகின்றன. அமைத்துவிட்டு இணைக்க மறந்த வாசல்கள் அங்கே தென்படும். கர்னலோடு பேசுவதற்காக அக்கருவி தனக்கென்று ஒரு கணுவை உருவாக்கிக்கொள்வதாலும், அதற்குக் கொக்கி எதுவும் இல்லாததாலும், படம் வரையப்பட்ட கணத்தில் வரைந்துகொண்டிருந்த கருவியின் பெயரும் அந்த வெளிர்சிவப்புக் கட்டத்துக்குள் பதிந்திருக்கும்.