செங்கல்லின் கோடும் இல்லத்தின் கடமையும்

வீட்டைக் கலைப்படைப்பாகப் போற்றும் விமரிசகர் பலர், அதில் குடியிருப்போரைக் கணக்கில் கொள்வதில்லை. சிகாகோ நகரில் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து, 1910ஆம் ஆண்டில் நிறைவுற்ற ரோபி இல்லத்தைக் கலை, குடிவாழ்வு எனும் இரு கண்களாலும் நோக்குவதே நேர்மையென்று கருதுகிறோம்.

அதன் அழகு செங்கல்லில் தொடங்குகிறது. வழக்கமானவற்றினும் நீண்டு மெலிந்த ரோமானியச் செங்கல்லை ரைட் தேர்ந்தார். கிடைமட்ட இணைப்புகளில் சாந்தை உள்ளொடுக்கி நிழல் விழச் செய்தார். செங்குத்து இணைப்புகளையோ செங்கல்லின் நிறமுடைய சாந்தால் நிரப்பி மறைத்தார். ஆதலின் தெருவில் நிற்போர் கண்ணுக்குத் தனித்தனிச் செங்கற்கள் தோன்றுவதில்லை. நெடிதோடும் செங்கோடுகளே தோன்றுகின்றன. அமெரிக்கப் புல்வெளிச் சமநிலம் சுவராகி நிற்கிறது எனலாம்.

மேற்கே சுவரைக் கடந்து ஏறத்தாழ 20 அடி நீளும் கூரையைச் செங்கல் தாங்கவில்லை. மறைந்துள்ள எஃகு விட்டங்களே தாங்குகின்றன. இதனைப் பொய்ம்மை என்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். எலும்பு தாங்குவதால் தோல் பொய்யாகிவிடுமா?

அயலார் தம்மைப் பாராதவாறு தாம் வெளியே பார்க்க வேண்டுமென்பது உரிமையாளர் ஃபிரெடெரிக் ரோபியின் விருப்பம். மாடத்துக் கைப்பிடிச் சுவரும், தாழ்ந்து நீண்ட இறவாரமும், 174 ஓவியக் கண்ணாடிப் பலகங்களும் அதனை நிறைவேற்றின. மறைவுக்கும் ஒளிக்கும் பகையில்லை என்பதற்கு இது நற்சான்று. இல்லத்தின் மறைவைப் பேணும் குடும்பத்தார் எண்ணிப் பார்க்கத்தக்கது.

குறையும் உண்டு. தலைவாயில் வடபுறத்தே ஒதுங்கிக் கிடக்கிறது. விருந்தினர் அதைத் தேடிக் கண்டு, ஒளி குன்றிய கீழ்க்கூடம் கடந்து, மாடியேறியே வீட்டாரைக் காணவேண்டும். உணவு மேசையையும் நாற்காலிகளையும்கூட ரைட்டே வகுத்தார். வருவோரை முகமலர்ந்து ஏற்பதும், வாழ்வோர் விருப்பத்துக்கு இடமளிப்பதும் இல்லத்தின் கடமைகள் அல்லவா?

தந்தையின் கடனும் மணமுறிவும் வருத்த, ரோபி 1911இல் வீட்டை விற்றார். அங்கு வாழ்ந்தது ஏறத்தாழ 14 மாதங்களே. 1926இல் வாங்கிய இறையியல் கல்லூரி, 1941லும் 1957லும் அதனை இடிக்க முனைந்தது. தொண்ணூறை நெருங்கிய ரைட், 1957இல் நேரில் வந்து எதிர்த்தார். 2019இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது.

காக்கப்பட்டது நன்றே. எனினும், புதுமனை கட்டுவோர் அதன் முகப்பைப் படியெடுப்பதினும், மறைவோடு ஒளியை இணைத்த அறிவைக் கற்பதே மேல். வாயிலை மட்டும் விருந்தினர் காணுமிடத்தில் வைப்பார்களாக!