முதல் பந்து எடுப்பவர்கள்

ஐரோப்பாவின் பெரிய கைப்பந்து ஆட்டங்களில் எண்ட் லைனுக்குப் பின்னால் மேசை போட்டு, மடிக்கணினியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கண் ஆட்டத்தை விட்டு அகலாது. விரல் மட்டும் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருக்கும். சர்வீஸை யார் எடுத்தார், எங்கே நின்று எடுத்தார், பந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொரு தொடுதலையும் குறியீடாக்கித் தட்டிக்கொண்டே இருப்பார். அவர் தட்டுவது இத்தாலியில் பிறந்த ‘டேட்டா வாலி’ என்ற மென்பொருளில். செட்டர் இருந்த இடத்திலிருந்தே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் லிஃப்ட் கொடுக்கும்படி பாஸ் வந்தால் அதற்கு ஹாஷ் குறி. சற்றே விலகி வந்தால் கூட்டல் குறி. செட்டரை ஓடவைத்தால் கழித்தல் குறி. வலையைத் தாண்டி எதிரணியிடமே போய்விட்டால் சாய்கோடு. எடுக்கவே முடியாமல் பாயிண்ட் போனால் சமக்குறி.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஐரோப்பிய கிளப் கைப்பந்தைப் பற்றி எழுத உட்காரும்போது, எந்த அளவுகோலை வைத்து அந்த அணிகளை நிறுத்துப் பார்ப்பது என்று யோசித்தேன். கோப்பைக் கணக்கு ஒன்று இருக்கவே இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த ஹாஷ் குறிதான் சரியான படிக்கல்லாகத் தோன்றுகிறது. எதிரணியின் சர்வீஸை, அதாவது முதல் பந்தை, ஒரு கிளப் எப்படி எடுக்கிறது? அதை எடுக்கத் தெரிந்த ஆட்களை எப்படி வளர்க்கிறது? அவர்கள் போன பிறகும் அந்தப் பழக்கம் அங்கே தங்குகிறதா?

போட்டிகளின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று படிகள். உச்சியில் சாம்பியன்ஸ் லீக். 1959-60 பருவத்தில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பை என்ற பெயரில் தொடங்கியது, 2000-01இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அதற்கு அடுத்தது சி.ஈ.வி. கோப்பை, அதற்கும் கீழே சேலஞ்ச் கோப்பை. உள்ளூரில் ஓர் ஆட்டம், வெளியூரில் ஓர் ஆட்டம் என்று மோதி இரண்டு அணிகளும் சமமாக நின்றால், 15 புள்ளிக்கு ஒரு ‘கோல்டன் செட்’ ஆடுவார்கள். இரண்டு இரவுகளின் உழைப்பை அந்தக் கால் மணி நேரம் தீர்த்துவைக்கும்.

தொடக்கம் கிழக்கில். முதல் கோப்பையை 1960இல் எடுத்தது மாஸ்கோவின் ராணுவ அணியான சி.எஸ்.கே.ஏ.; 1991 வரை அது சேர்த்த கோப்பைகள் 13. இன்றுவரை வேறெந்த அணியும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை. அறுபதுகளில் அதற்கு ஈடுகொடுத்து நின்றவர்கள் ருமேனியர்கள். ராபிட் புக்கரெஸ்ட் 1961, 1963, 1965 என்று மூன்று முறை வென்றது. ரயில்வே தொழிலாளர்களின் கழகம் அது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே அணிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. வேலையும் ஆட்டமும் ஒரே வாசல் வழியாக வந்த காலம்.

அந்தக் கிழக்குப் பாணியின் பலம் உயரமும் ஒழுங்கும். நெட்டுக்கு மேலே சுவர்போல எழும் பிளாக், இரண்டு ஓரங்களிலும் தூக்கிக் கொடுத்த பந்தை அடித்து இறக்கும் கை. பாஸ் கொஞ்சம் கெட்டாலும் உயரம் காப்பாற்றிவிடும். அன்றைய விதியும் அதற்குத் துணை நின்றது. சர்வீஸ் போட்ட அணிதான் பாயிண்ட் எடுக்க முடியும் என்பதால், அடித்த பந்து வெளியே போனாலும் பல நேரங்களில் இழப்பு சர்வீஸோடு நின்றுவிடும்.

1998-99இல் அந்த வசதி போய்விட்டது. யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ராலிக்கும் பாயிண்ட் என்ற முறை வந்தது. அதே காலத்தில், பின்வரிசையில் மட்டும் ஆடும், வேறு நிறச் சட்டை போட்ட லிபரோவும் களத்துக்கு வந்தார். எல்லாத் தவறுக்கும் விலை உண்டு என்றானபோது முதல் பந்தின் மதிப்பு இரட்டிப்பானது. ஆனால் அதற்கு முன்பே இதைக் கணித்துவைத்திருந்தவர்கள் இத்தாலியர்கள்.

மேற்கு ஐரோப்பாவுக்கு முதல் கோப்பையைக் கொண்டுவந்தது 1980இல் டூரின் நகரத்து கிளிப்பன். ஆனால் இத்தாலியப் பாணியின் தாய்வீடு மொடெனா என்பேன். ஸ்டிக்கர் அட்டைகளுக்குப் பெயர்போன பனினி நிறுவனத்தின் ஜுசெப்பே பனினி 1966இல் தொடங்கிய அணி அது; இன்றும் அது ஆடும் அரங்குக்கு அவர் பெயர்தான். 1985இல் அங்கே பயிற்சியாளராக வந்தவர் அர்ஜென்டினாக்காரரான ஹூலியோ வெலாஸ்கோ. 1986 முதல் 1989 வரை வரிசையாக நான்கு இத்தாலியப் பட்டங்கள். அவர் அடிக்கடி சொன்ன விளக்கம் ஒன்று கைப்பந்து உலகம் முழுக்கப் பரவியது: ஸ்மாஷ் அடிப்பவன் லிஃப்ட் சரியில்லை என்பான், செட்டர் பாஸ் சரியில்லை என்பான், பாஸ் எடுத்தவன் அண்ணாந்து பார்த்து விளக்கு கண்ணைக் கூசுகிறது என்பான். குறை சொல்லிச் சொல்லி மின்சாரக்காரர் வரை போய்விடலாம். வெலாஸ்கோ அதை அடியோடு நிறுத்தினார். வந்த பந்தை வந்தபடியே வாங்கி, அதிலிருந்து ஆட்டத்தைக் கட்டு என்றார். இத்தாலியப் பாணி முழுவதும் அந்த ஒரு கட்டளையில் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

1992 முதல் 2000 வரை ஒன்பது ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பை இத்தாலியை விட்டு வெளியே போகவில்லை. ரவென்னா மூன்று, மொடெனா மூன்று, ட்ரெவிசோ மூன்று. ரவென்னா 1990இல் அழைத்துவந்தது அமெரிக்காவின் கார்ச் கிராலியை. அவர் அடிக்கும் ஸ்மாஷைத்தான் மக்கள் பார்த்தார்கள். ஆனால் 1984 ஒலிம்பிக்கில் அமெரிக்கா தங்கம் வென்றபோது சர்வீஸை எடுக்கும் பொறுப்பு இரண்டே பேரிடம் விடப்பட்டிருந்தது. அந்த இருவரில் ஒருவர் கிராலி. ரவென்னா பணம் கொடுத்து வாங்கியது அந்தக் கைகளையும்தான்.

இத்தாலியின் பலவீனத்தையும் சொல்லாமல் விட முடியாது. அங்கே கிளப் என்பது பெரும்பாலும் ஒரு முதலாளியின் நிழலில் வளர்வது. பெனட்டன் குடும்பத்தின் ட்ரெவிசோ ஒன்பது முறை இத்தாலியச் சாம்பியன், நான்கு முறை ஐரோப்பியச் சாம்பியன். குடும்பம் கையை எடுத்ததும் அந்தப் பெயரே உச்ச லீக்கிலிருந்து மறைந்தது. அத்தனை அழகாகப் பந்து எடுத்த ஓர் அணி இப்படி அணைந்துபோனதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ரஷ்யா திரும்பி எழுந்து உச்சம் தொட்டது கஸானில். செனித் கஸானுக்கு மொத்தம் ஆறு கோப்பைகள். 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு. விளாதிமிர் அலெக்னோ பயிற்சியாளர், யுனிவர்சலாக மிஹாய்லோவ், ஓரத்தில் கியூபாவிலிருந்து வந்த வில்ஃப்ரெடோ லியோன், அமெரிக்காவின் மேட் ஆண்டர்சன். பழைய கிழக்குப் பாணியின் உச்சம் அது. பாஸ் மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் விழுந்தாலும் கவலை இல்லை. தூக்கிப் போட்டால் லியோன் பிளாக்குக்கு மேலேயே அடித்துவிடுவார். 2017இல் ரோமில் நடந்த இறுதியாட்டத்தில் அவர்கள் இத்தாலியின் பெருஜியாவை ஒரு செட் கூட விடாமல் வென்றார்கள். தோற்ற அணியில் இருந்த இவான் ஸாய்ட்செவின் தந்தை வியாசெஸ்லாவ், சோவியத் யூனியனின் புகழ்பெற்ற செட்டர். அவர் இத்தாலியில் ஆடவந்தபோது, பெருஜியா இருக்கும் அதே உம்ப்ரியா மாநிலத்தின் ஸ்பொலெத்தோவில் பிறந்த பிள்ளை இவான். ரஷ்யச் செட்டரின் மகன் இத்தாலியனாக நின்று ரஷ்ய அணியிடம் தோற்றான். 2022இல் உக்ரைன் மீது படையெடுப்பு நடந்த பிறகு ரஷ்ய அணிகள் ஐரோப்பியப் போட்டிகளில் இல்லை.

பிரான்சையும் ஜெர்மனியையும் பற்றி ஒரு பத்தி போதும். பாரிஸ் 2001இலும் டூர் 2005இலும் வென்றன. அதன் பிறகு பிரான்ஸ் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றும் சாம்பியன்ஸ் லீக் கோப்பை அந்த நாட்டுக்குப் போகவில்லை. வளர்த்த பிள்ளைகள் இத்தாலிக்கும் போலந்துக்கும் ஆடப் போய்விடுகிறார்கள். ஜெர்மனிக்கு ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் 2007இல் கோப்பை கொண்டுவந்தது. அதன் பயிற்சியாளர் ஸ்டெலியன் மொகுலெஸ்கு, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ருமேனியாவுக்கு ஆடவந்து, திரும்பிப் போகாமல் மேற்கு ஜெர்மனியிலேயே தங்கிவிட்டவர். புக்கரெஸ்டின் பாடம் இப்படி ஓர் ஏரிக்கரை ஊருக்குக் குடிபோனது.

இனி போலந்து. என் மனம் சாய்ந்திருப்பது இங்கேதான், மறைக்கவில்லை. 1978இல் மிலோவித்சே என்ற சுரங்கப் பகுதியின் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அணியின் பெயர் ‘ப்வோமியென்’, சுடர் என்று பொருள். அடுத்த கோப்பைக்கு அந்த நாடு 43 ஆண்டுகள் காத்திருந்தது. இடையில் 2012இல் பழுப்பு நிலக்கரி ஊரான பெவ்ஹாத்துவின் அணி, சொந்த நாட்டு மக்கள் நிறைந்த வூச் அரங்கில் கஸானிடம் ஐந்தாவது செட்டில் தோற்றது.

காத்திருப்பை முடித்துவைத்தது கெஞ்ஜேஜின்-கோஷ்லே. லட்சம் பேர் கூட இல்லாத ஊர். அணியின் பெயர் ஸாக்ஸா; ஊரின் உரத் தொழிற்சாலையான ‘ஸாக்வாடி அஸோடோவே கெஞ்ஜேஜின்’ என்ற நிறுவனப் பெயரிலிருந்து வந்தது. 2021இல் காலிறுதியில் இத்தாலியின் லூபேயையும் அரையிறுதியில் கஸானையும் கோல்டன் செட்டில் வீழ்த்தி, வெரோனா இறுதியில் இன்னோர் இத்தாலிய அணியான ட்ரெண்டினோவை வென்றார்கள். 2022இல் மறுபடியும் ட்ரெண்டினோ. 2023இல் டூரினில், சுரங்க ஊரான யாஸ்ட்ஷெம்பியேவின் அணியை ஐந்து செட்டில் வென்று மூன்றாவது கோப்பை.

மூன்று ஆண்டுகளில் அங்கே என்னென்ன மாறியது என்று பாருங்கள். பயிற்சியாளர்: முதலில் செர்பியாவின் நிகோலா கிர்பிச், பிறகு ருமேனியாவின் கியோர்கே கிரெட்சு, பிறகு ஃபின்லாந்தின் டுவோமாஸ் சம்மெல்வுவோ. செட்டர்: 2021இல் பிரான்சின் டோனியுட்டி, அடுத்த இரண்டு ஆண்டுகள் யானுஷ். லிபரோ ஸாடோர்ஸ்கி போய், அமெரிக்காவின் எரிக் ஷோஜி வந்தார். ஓரத்தில் ஆடிய கமில் செமெனியுக் பெருஜியாவுக்குப் போனார். 2023 இறுதியில் எதிர்ப்பக்கம் செட்டராக நின்றவர் அதே டோனியுட்டி. இத்தனை பேர் வந்தும் போயும், கோப்பை மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. கஸானைப்போல உயரத்தால் கடன் அடைக்கும் ஆட்கள் அங்கே இல்லை. சர்வீஸை எடுத்து, செட்டர் கையில் வைத்து, நடுவில் டேவிட் ஸ்மித்துக்கு வேகமாகக் கொடுத்து, ஓரத்தில் ஷ்லிஃப்காவுக்கு ஒற்றை பிளாக் வாங்கித்தந்து ஆடினார்கள். முதல் பந்து கெட்டால் அந்த ஆட்டமே இல்லை.

2023 டிசம்பரில் உலக கிளப் சாம்பியன்ஷிப் பெங்களூரு கோரமங்கலாவில் நடந்தபோது ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். பிரேசிலின் மினாஸை வென்று பெருஜியா பட்டம் எடுத்தது. ஆட்டத்தைவிட என் நினைவில் நிற்பது வார்ம்-அப். பெருஜியாவின் லிபரோ மாசிமோ கோலாச்சி, அப்போதே முப்பத்தெட்டு வயதுக்காரர், எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த மிதக்கும் சர்வீஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். கைகள் கடைசி நொடி வரை பிரிந்தே இருந்தன. முதலில் கால் போனது, பிறகு இடுப்பு தாழ்ந்தது, அதற்குப் பிறகுதான் இரண்டு முன்கையும் சேர்ந்தன. கையை வீசவே இல்லை. சாய்வான பலகையில் பட்டதுபோல் பந்து போய் ஒரே இடத்தில் இறங்கியது. ஊரில் மின்னொளிப் போட்டிகளில் நாங்கள் சர்வீஸ் வரும் முன்பே கையைக் கட்டிக்கொண்டு ஓடுவோம். பந்து எங்கே தெறிக்கும் என்று எங்களுக்கே தெரியாது. பக்கத்து இருக்கையில் இருந்த பையன் ஸ்மாஷ் அடிக்கும் வரிசையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய தோளைத் தட்டி, அந்த மனிதரின் காலைப் பார் என்றேன்.

இந்தப் பாணிகளெல்லாம் இப்போது ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டன. 2009இல் ட்ரெண்டினோ முதல்முறை கோப்பை வென்றபோது அந்த அணியின் செட்டர் கிர்பிச், ஓரத்தில் ஆடியவர்களில் ஒருவர் போலந்தின் மிஹால் வினியார்ஸ்கி. பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கிர்பிச் ஸாக்ஸாவின் பயிற்சியாளராக அதே ட்ரெண்டினோவைத் தோற்கடித்தார். வினியார்ஸ்கி இன்னொரு சிற்றூரான ஸாவியெர்ச்சேயின் அணியை 2025 இறுதிக்குக் கொண்டுவந்தார்.

ஸாக்ஸாவுக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லவேண்டும். மூன்றாவது கோப்பைக்கு அடுத்த பருவத்தில், காயங்கள் துரத்த, அவர்கள் போலந்து லீக்கின் பிளே-ஆஃபுக்கே தகுதி பெறவில்லை. ஷ்லிஃப்கா ஜப்பானுக்குப் போனார். தொடர்ந்து ஆடிக் களைத்த உடம்புகளுக்கு எந்தப் பாணியும் மருந்தில்லை.

2025 மே மாதம் வூச்சில் நடந்த இறுதியாட்டத்தில் பெருஜியாவும் ஸாவியெர்ச்சேயும் ஐந்து செட் வரை போனார்கள். பெருஜியா வென்றது, அதன் முதல் ஐரோப்பியக் கோப்பை. பயிற்சியாளர் ஆஞ்ஜெலோ லொரென்ஸெட்டி. 2021, 2022 இறுதிகளில் ஸாக்ஸாவிடம் தோற்ற ட்ரெண்டினோவின் பயிற்சியாளரும் அவரே. செட்டர் சிமோனே ஜன்னெல்லி. 2016இல் கஸானிடமும் 2021இல் ஸாக்ஸாவிடமும் ட்ரெண்டினோ சட்டையில் தோற்றவர். அவர்களோடு சேர்ந்து தங்கப் பதக்கம் வாங்கியவர்களில் ஒருவர் கமில் செமெனியுக். உரத் தொழிற்சாலை ஊரான கெஞ்ஜேஜின்-கோஷ்லேயில் பிறந்து, அங்கேயே முதல் பந்து எடுக்கப் பழகியவர்.